நெடுந்தீவில் மே முதல் நாள்

மே மாதத்தின் முதல் நாள் உழைப்பாளர் திருநாள். அன்று அலுவலகங்கள் மூடப்படும்; வங்கிகள் திறவா; நகர வீதிகளில் செங்கொடிகள் அணிவகுக்கும். ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே பாக்கு நீரிணையில் கிடக்கும் நெடுந்தீவில், அந்த நாளும் ஏனைய நாட்களைப் போலவே விடிகின்றது. சித்திரை மாதத்தின் நடுப்பகுதி அது. பனையிலே கருப்பநீர் சுரக்கும் பருவம். சீவல் தொழிலாளி பொழுது புலருமுன் தளநாரைக் காலிற் பூட்டி மரமேறுகின்றார். பாளையை நாள்தோறும் சீவுதல் வேண்டும். சீவாது விட்ட பாளை காய்ந்து, சுரப்பும் நின்றுபோம். இறக்கிய நீரைப் புளிக்குமுன் காய்ச்சிப் பனங்கட்டியாக்குவதும் அன்றைய வேலையே. பனை விடுமுறை அறியாது.

மீனவர் நிலை இதற்கு மாறானது. சோளகக் காற்று எழுந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கினால், தோணி கரையிலேயே கிடக்கும். அப்பொழுது அவருக்கு ஓய்வு உண்டு. அந்த ஓய்வுக்கு ஊதியம் இல்லை.

விடுமுறை என்பது மூன்று பொருள்கள் கூடிய இடத்திலேயே இன்பம் தருவது. வேலை இருத்தல் வேண்டும். வேலைக்கு ஊதியம் தருவார் ஒருவர் இருத்தல் வேண்டும். வேலை செய்யாத நாளுக்கும் அவர் ஊதியம் தருதல் வேண்டும். இம்மூன்றும் இல்லாதவருக்கு இத்திருநாளில் உரிமை யாது? வேலையின்மை பெருகும் காலங்களிலெல்லாம் எழுகின்ற இவ்வினாவுக்கு, அந்நாளின் வரலாற்றிலேயே விடை உண்டு.

அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைநாளுக்கான கிளர்ச்சி வலுப்பெற்ற காலம் செழிப்பான காலமன்று. 1882ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே வாணிகம் தாழ்ந்து, ஆலைகள் பல மூடப்பட்டு, பல்லாயிரவர் வேலையிழந்திருந்தனர். 1884இல் தொழிற்சங்கங்கள் கூடி, 1886 மே முதல் நாளிலிருந்து எட்டு மணி நேரமே வேலைநாள் எனத் தீர்மானித்தன. அக்கோரிக்கையின் உள்ளே இரண்டு எண்ணங்கள் இருந்தன. உழைப்பவருக்கு ஓய்வு வேண்டும் என்பது ஒன்று. ஒருவர் பன்னிரண்டு மணி நேரம் உழைப்பதைக் குறைத்தால், வாயிலில் நிற்கும் மற்றொருவருக்கும் வேலை கிடைக்கும் என்பது மற்றொன்று. வேலை தேடி அலைபவர் ஒருவர் இருக்கும்வரை வேலை நேரம் மிகையானதே என்று தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் கொம்பேர்ஸ் வாதிட்டார். 1886 மே 4ஆம் நாள் சிக்காகோவில் குண்டு வெடித்ததும், மறு ஆண்டு நவம்பரில் நால்வர் தூக்கிலிடப்பட்டதும், 1889இல் பாரிஸ் மாநாடு மே முதல் நாளை உலகத் தொழிலாளருக்கு உரியதாக்கியதும் பலரும் அறிந்தவை. வேலையற்றவருக்கும் அந்நாளில் பங்கிருந்தது என்பது மறக்கப்பட்ட செய்தி.

தமிழகத்தில் 1923ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்நாளை முதன்முதலாகக் கொண்டாடினார். இலங்கையில் 1922இல் தொழிற்சங்கம் அமைத்த ஏ. ஈ. குணசிங்க, 1927இல் கொழும்பிலே மேதினத்தை நடத்தினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேயிலையும் இறப்பரும் விலை வீழ்ந்தன. மலாயாவில் ஆட்குறைப்பு நிகழ, அங்கிருந்து வரும் பணத்தை நம்பியிருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல தளர்ந்தன.

அந்த மந்தத்திலே தொழிலாளர் இயக்கம் ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. இருக்கும் வேலையைப் பகிர்வது எங்ஙனம் என்ற வினா, யாரை விலக்குவது என்ற வினாவாக மாறியது. எல்லா இனத் தொழிலாளரையும் ஒன்றுதிரட்டிய அதே குணசிங்க, 1930களில் கொழும்பின் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகப் பேசலானார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியரை விலக்க முடிவாயிற்று. ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்து பேசியும் பயன் விளையவில்லை. ஒருவரை விலக்கி மற்றொருவருக்கு வேலை தருவது வேலையின்மைக்கு மருந்தாகாது என்பதைப் பிற்காலம் காட்டிற்று.

நெடுந்தீவிலோ வேலையின்மை வேறு உருக்கொண்டது. முருகைக்கல் மதில்கள் சூழ்ந்த காணிகளில் மண் ஆழமில்லை, நன்னீர் அரிது. கடலும் பனையும் கால்நடையும் ஓரளவுக்கே தாங்கும். ஆதலால் வேலையற்றோர் ஊரிலே கூட்டமாய் நிற்கவில்லை, படகேறினர். வன்னி நிலத்தில் வயல் செய்யச் சென்றோர் கிளிநொச்சிப் பகுதியிற் குடியமர்ந்தனர். தீவகத்து இளைஞர் பலர் தென்னிலங்கைக் கடைகளிலே வேலைக்கு அமர்ந்தனர். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என வரையறுத்தபோது, சிக்காகோவின் கோரிக்கை அவ்விளைஞரின் கடை வாயிலையும் எட்டியது. படித்தவர் அரசாங்க உத்தியோகத்தை நாடினர்.

1956ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு முரணைக் காட்டுகின்றது. அவ்வாண்டிலேயே எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசு மேதினத்தைப் பொது விடுமுறையாக்கியது. அவ்வாண்டு யூனிலேயே சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்ற சட்டமும் நிறைவேறியது. உழைப்பாளருக்கு ஒரு நாள் அளிக்கப்பட்டது. தமிழ் இளைஞருக்கு அரசாங்க வேலையின் வாயில் ஒடுங்கியது. எனினும் நாடு முழுவதிலும் வேலையின்மை பெருகியதேயன்றிக் குறையவில்லை. 1971 ஏப்ரிலில் தென்னிலங்கையின் சிங்கள இளைஞரே ஆயுதம் ஏந்தினர். அவ்வாண்டு டட்லி சீயேர்ஸ் தலைமையில் வந்த அனைத்துலகத் தொழில் நிறுவனக் குழு, படித்த இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் இடையே உள்ள பிளவை எடுத்துக்காட்டியது.

2022இல் நாடு கடன் செலுத்த இயலாது நின்றபோது, மண்ணெண்ணெய் அரிதாயிற்று. ஆகஸ்டு மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. இயந்திரப் படகை நம்பிய வடபுல மீனவர்க்குக் கடல் அமைதியாய் இருந்தும் தொழில் இல்லை. ஆயினும் அரசின் கணக்கில் அவர் வேலையற்றவர் ஆவது அரிது. கணக்கெடுக்கும் கிழமையில் ஒரு மணி நேரம் கூலிக்கோ ஆதாயத்துக்கோ உழைத்தவரும், குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவியவரும் வேலையுள்ளவராகவே எண்ணப்படுவர். வலை செப்பனிடும் மீனவரும், பனையோலையிற் கடகம் இழைத்து விற்கும் மூதாட்டியும் அக்கணக்கிலே தொழில் உடையோர். வருவாயின் அளவு அந்த வகைப்பாட்டை மாற்றுவதில்லை.

ஆகவே, வேலை அருகிய காலத்தில் மேதினத்தைக் கொண்டாடுவோர் அந்நாளின் இரண்டாவது எண்ணத்தை நினைவிற்கொள்ளுதல் நலம். வேலையுள்ளவரின் ஓய்வும் வேலையற்றவரின் பிழைப்பும் ஒரே கோரிக்கையாகவே பிறந்தன. அவை பிரிந்தபோதெல்லாம் தொழிலாளர் தொழிலாளருக்கே பகைவராயினர். ஊதியத்தோடு கூடிய விடுமுறை இல்லாத சீவல் தொழிலாளியும் மீனவரும் இந்நாளின் கணக்கிலே சேர்க்கப்படல் வேண்டும். மாலைக் கூட்டங்கள் நகரிலே கலையும் வேளையில், நெடுந்தீவில் அவர் இரண்டாம் முறையாக மரமேறிக்கொண்டிருப்பார்.