பழைய விளையாட்டும் புதிய விண்டோஸும்

புதுக் கணினியில் பழைய கணக்கு மென்பொருள் ஏன் ஓடவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கொரு வரலாறு உண்டு.

'சிம்சிட்டி', நகரம் கட்டும் விளையாட்டு, 1989-இல் வந்தது. அதன் விண்டோஸ் 3 பதிப்பில் ஒரு பிழை. வேலை முடிந்து திருப்பிக் கொடுத்த நினைவகத்தையே மறுபடி போய்ப் படிக்கும். வீட்டைக் காலிசெய்து சாவியையும் கொடுத்தவர், பரணில் விட்ட பெட்டியைத் தேடி வருவது போல! பழைய விண்டோஸில் பெட்டி அப்படியே இருந்தது. எனவே பிழை வெளியே தெரியவில்லை. 1995 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 95-ஐ அதற்கு முன் சோதித்தபோது விளையாட்டு படுத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது தெரியுமா? ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆம் என்றால் நினைவகத்தை உடனே விடுவிக்காமல் வைத்திருக்கும் தனி ஏற்பாட்டை விண்டோஸுக்குள்ளேயே எழுதிவைத்தது. தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள். பழையது ஓடாவிட்டால் புதியதை யார் வாங்குவார்?

அந்தச் சலுகைக்கும் எல்லை வந்தது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் நேரடியாக ஓடா. விண்டோஸ் 11 கணினிக்கு 64 பிட்டில் மட்டுமே வருகிறது. டாஸ் காலத்து நிரல் வைத்திருப்பவர்கள் 'டாஸ்பாக்ஸ்' போட்டுப் பாருங்கள். புதுக் கணினிக்குள் பழைய கணினியாக அது நடிக்கும். அதற்குமுன் கணக்குக் கோப்புகளை நகலெடுத்து வையுங்கள்.