திருகாணியின் தலை

தச்சனின் பட்டறையிலும் மோட்டார் வண்டியிலும் கைக்கடிகாரத்திலும் ஒருங்கே பணிபுரியும் பொருள் திருகாணி. அதன் புரி மரத்தையோ உலோகத்தையோ பற்றுகிறது; தலையிலுள்ள பள்ளம் திருப்புளியைப் பற்றுகிறது. புரியின் பிடிப்புத் தளர்ந்தால் பொருள் ஆட்டங்காணும். தலையின் பிடிப்புத் தளர்ந்தால் தொழிலாளியின் கை புண்படும். அத்தலையில் அமையவேண்டிய பள்ளம் எத்தகையது என்னும் வினாவுக்கு விடை காண மனிதருக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் சென்றது.

திருகின் தத்துவம் பண்டையது. நீர் இறைப்பதற்கும், ஒலிவம், திராட்சை முதலியவற்றைப் பிழிவதற்கும் கிரேக்கரும் உரோமரும் அதனைக் கையாண்டனர். எனினும், இரு பொருள்களைப் பிணைக்கும் உலோகத் திருகாணி 15 ஆம் நூற்றாண்டளவிலேயே ஐரோப்பாவில் வழக்குக்கு வந்தது. போர்க்கவசங்களிலும் துப்பாக்கிகளிலும் மணிக்கூடுகளிலும் அது இடம்பெற்றது. ஒவ்வொரு திருகாணியையும் தொழிலாளி அரத்தினால் அராவியே ஆக்கினான். தலையின் குறுக்கே வாளினால் ஒரு கீறுக் கீறினால் நேர்ப்பள்ளம் அமைந்துவிடும். அதனினும் எளிய வழி அக்காலத்தில் வேறில்லை.

1760 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த யோப் வயற், வில்லியம் வயற் என்னும் சகோதரர்கள் மரத்திருகாணிகளை யந்திரத்தால் வெட்டுவதற்கு ஆக்கவுரிமை பெற்றனர். 1841 இல் யோசேப் விற்வேத் புரிகளின் அளவை ஒழுங்குபடுத்தும் திட்டத்தை வெளியிட்டார். இவ்வாறு புரி திருந்தியது. தலை மட்டும் திருந்தவில்லை. நேர்ப்பள்ளத்தின் இரு முனைகளும் திறந்தே கிடத்தலின், சற்றே கை சாய்ந்தாலும் திருப்புளி பக்கவாட்டில் வழுக்கிச் செல்லும். ஒன்றில் மரம் கீறப்படும். அன்றேல் கை கிழிபடும்.

இக்குறையைத் தம் கையிலேயே உணர்ந்தவர் கனடா நாட்டவரான பீற்றர் லிம்பேணர் றொபேட்சன். ஊரூராகச் சென்று கருவிகளை விற்பது அவர் தொழில். மொன்றியல் நகரில் வில் பொருத்திய திருப்புளி ஒன்றை மக்களுக்கு இயக்கிக் காட்டியபோது அது நழுவி அவர் கையைக் கிழித்தது என்பர். 1908 ஆம் ஆண்டில், தலையின் நடுவே சதுரக் குழியுடைய திருகாணியை அவர் உருவாக்கினார். குழி உட்செல்லுந்தோறும் சிறிதே ஒடுங்கும். ஆதலின் திருப்புளியின் அலகு அதனுள் இறுகப் பொருந்தும். திருகாணியை அலகின் நுனியிற் பொருத்தி, ஒரு கையாலேயே வேலை செய்யவும் இயலும். உலோகத்தின் வலிமை குன்றாமல் இக்குழியைக் குளிர்நிலையிலேயே அழுத்தி ஆக்கும் முறையே அவர் கண்ட நுட்பம். ஒன்ராறியோ மாகாணத்து மில்ற்றன் என்னும் ஊரில் அவருடைய தொழிற்சாலை எழுந்தது.

கனடாவிற் செய்யப்பட்ட போட் மோட்டார் வண்டிகளில் இத்திருகாணி பயன்பட்டது. நேரமும் பணமும் மிச்சமாதலைக் கண்ட ஹென்றி போட், அதன் உற்பத்தியின் மீது தமக்கும் அதிகாரம் வேண்டுமென்று விரும்பினார். றொபேட்சன் இணங்கவில்லை. இங்கிலாந்தில் பிறரோடு கூடி நடத்திய முயற்சியிலும் அவர் கசப்பையே கண்டவர். தம் படைப்பு தம் கையை விட்டுப் போகலாகாது என்று அவர் உறுதிகொண்டார். படைப்பு அவர் கையிலேயே நின்றது. ஆயின், அமெரிக்காவின் பெருஞ்சந்தை அவர் கைக்கு எட்டாது போயிற்று.

அச்சந்தையை வென்றது சிலுவை வடிவப் பள்ளம். ஓறிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரினரான ஹென்றி பிலிப்ஸ், யோன் தொம்சன் என்பவரிடமிருந்து இக்கருத்தை வாங்கித் திருத்தி, 1936 இல் ஆக்கவுரிமைகளைப் பெற்றார். அவர் தாமே தொழிற்சாலை அமைத்தாரல்லர். செய்ய விரும்பிய கம்பனிகளுக்கு உரிமம் வழங்கினார். 1936 ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியில் ஏறிய இத்திருகாணி, 1940 அளவில் அமெரிக்க மோட்டார்க் கைத்தொழில் எங்கும் பரவியது. யந்திரத் திருப்புளியின் அலகு சிலுவைப் பள்ளத்தின் நடுவிலே தானாகச் சென்று அமரும். விரைந்தோடும் தொழிற்சாலைக்கு அது பெருவாய்ப்பு. ஆயினும் அதன் சுவர்கள் சரிந்தவை. விசை மிகும்போது அலகு மேல்நோக்கித் தள்ளப்பட்டு நழுவும். பிடிப்பிற் சிறந்தது சதுரக் குழி; பரப்பிற் சிறந்தது சிலுவைப் பள்ளம்.

தொழிலாளியின் பாதுகாப்பைக் கருதிய வேறு முயற்சிகளும் எழுந்தன. சுழலும் தண்டுகளில் துருத்திநின்ற திருகாணித் தலைகள் தொழிலாளரின் உடையைப் பற்றி இழுத்து விபத்து விளைவித்தன. வெளியே துருத்தாத, அறுகோணக் குழியுடைய திருகாணிக்கு வில்லியம் அலன் 1910 இல் ஆக்கவுரிமை பெற்றார். 1967 இல் ஆறு இதழ் கொண்ட பூப்போன்ற 'ரோக்ஸ்' என்னும் வடிவம் தோன்றியது. சுவர்கள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதால் அதில் அலகு எளிதில் நழுவுவதில்லை.

இவ்வரலாற்றை அறிந்தவர் கருவியைத் தெரிவு செய்வதில் தவறார். நேர்ப்பள்ளத்துக்கு அதன் நீளத்தையும் தடிப்பையும் நிரப்பும் அலகே ஏற்றது. ஒடுங்கிய அலகு விளிம்பைச் சிதைக்கும். சிலுவை அலகுகள் எண்களால் வழங்குவன. வீட்டு வேலைகளுக்குப் பெரும்பாலும் 2 ஆம் எண் போதும். சிலுவைத் தலையில் நான்கு கரங்களுக்கிடையே மெல்லிய கோடுகள் காணப்படின், அது 1960களில் வந்த 'பொசிட்றைவ்' வகை. பிலிப்ஸ் அலகு அதனுட் செம்மையாகப் பொருந்தாது. எவ்வகையாயினும் அலகைப் பள்ளத்தின் அடிவரை செலுத்தி, நேராக நிறுத்தி, அழுத்திக்கொண்டே திருகுதல் வேண்டும். தலை தேய்ந்த பின் எத்துணை வலிமையும் பயன்தராது.

றொபேட்சன் 1951 இலும் பிலிப்ஸ் 1958 இலும் மறைந்தனர். கனடாவில் சதுரக் குழி இன்றும் பெருவழக்காயுள்ளது. உலகின் பிற பகுதிகளிலோ சிலுவையே மிகுதி. நல்லதொன்றைக் கண்டுபிடித்தல் ஒரு திறமை. அதனைப் பிறர் கையிற் சேர்ப்பித்தல் மற்றொரு திறமை. முன்னதில் றொபேட்சன் சிறந்தார். பின்னதில் பிலிப்ஸ் சிறந்தார். இரண்டும் ஒருவரிடத்தே கூடியிருப்பின், எத்தனையோ தொழிலாளரின் கைகள் புண்படாது தப்பியிருக்கும்.