இஸ்லாமில் பெண்: மறைநூல் தருவதும் மன்றத்தில் நடப்பதும்



சுங்குவார்சத்திரத்தில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும் இளம்பெண்களில் கிறிஸ்தவர், இந்து, இஸ்லாமியர் என எல்லாரும் உண்டு. ஒரே லைனில் வேலை செய்தாலும் தோழியின் மதத்தைப் பற்றி நாம் அறிந்தது குறைவு. "இஸ்லாமில் பெண்ணுக்கு உரிமையே கிடையாது" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இது உண்மைதானா?

மறைநூல் தருவது

திருக்குர்ஆனின் 19-ஆம் அதிகாரம் அன்னை மரியாளின் பெயரைத் தாங்கியது. அந்நூலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவரே. இஸ்லாமியர் மரியாளை மதிப்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் நினைவுகூர்ந்தது.

திருமணத்தின்போது மணமகன் மணமகளுக்கு 'மஹர்' கொடுக்கவேண்டும் (4:4). அது அவளுக்கே சொந்தம். தந்தைக்கோ கணவனுக்கோ அதில் உரிமையில்லை. பெற்றோரின் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு உண்டு (4:7); ஆனால் மகளின் பங்கு மகனுடையதில் பாதி (4:11). மணவாழ்வைத் தொடர முடியாத பெண் 'குலா' கேட்டு விலகலாம். இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கும் முழு உரிமையை 1882-ஆம் ஆண்டுச் சட்டமே தந்தது என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

நடைமுறையில் நடப்பது

மஹர் பெயரளவில் நிற்க, வரதட்சணை இங்கே எல்லா மதத்தாரின் வீட்டிலும் புகுந்துவிட்டது. குடும்ப வழக்குகளைப் பேசும் ஊர் ஜமாஅத்தில் ஆண்களே அமர்வது வழக்கம். கூடும் இடமோ பள்ளிவாசல். பெண்ணின் வழக்கைத் தந்தையோ சகோதரனோ எடுத்துச் சொல்ல, அவளில்லாமலே அவள் வாழ்வு முடிவாகிவிடும்.

இதைக் கேள்வி கேட்டவர் புதுக்கோட்டையில் 'ஸ்டெப்ஸ்' அமைப்பைத் தொடங்கிய தாவூத் ஷரீஃபா கானம். 2000-களின் தொடக்கத்தில் அவர் முயற்சியால் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் உருவானது. பாதிக்கப்பட்ட பெண் அங்கே தானே வாய்திறந்து பேசினாள். பெண்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல் வேண்டும் என்றும் கேட்டார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆயினும் அவர்கள் மார்க்கத்தை விட்டு விலகவில்லை. தங்கள் மறைநூல் தந்ததையே கேட்டார்கள்.

நீதிமன்றங்களின் வழியும் நீண்டது. மணமுறிவு பெற்ற ஷா பானோவுக்கு ஜீவனாம்சம் உண்டு என உச்சநீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே வந்த சட்டம் அதன் பலனைக் குறுக்கியது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்ற தீர்ப்பு 2017-இலும், அதைக் குற்றமாக்கிய சட்டம் 2019-இலும் வந்தன.

நம் பக்கம்

பிறரைக் குறைசொல்லுமுன் நம்மையும் பார்ப்போம். 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவன் மனைவியின் தகாத உறவை நிரூபித்தாலே போதும். மனைவியோ தகாத உறவோடு கொடுமை, கைவிடல் போன்ற மற்றொன்றையும் நிரூபிக்கவேண்டியிருந்தது. இந்த வேறுபாடு 2001-இல்தான் நீங்கியது.

உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் பெண்ணுக்கும் இருக்கை வேண்டும். நம் ஊரில், நம் வீட்டில் ஒரு பெண்ணின் வாழ்வைப் பற்றி முடிவெடுக்கும்போது, அவளைக் கேட்கிறோமா? சிந்திப்போம்.