66 அடிச் சங்கிலி

கிரயப் பத்திரத்தைக் கையில் கொடுத்தால் நம் கண் எங்கே போகும்? முதலில் தொகை. அடுத்தது பெயர், இனிஷியல். கடைசியில் 'சொத்து விவரம்' என்று ஒரு பகுதி வரும். இன்ன கிராமம், புல எண் இன்னது, விஸ்தீரணம் இவ்வளவு, இதற்கு நான்கெல்லையாவது... என்று நீளும். அதற்குள் எல்லோருக்கும் காபி வந்துவிடும். ஆனால், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி நாம் வாங்குவது அந்தக் கடைசிப் பகுதியைத்தான் சார்!

அந்த அளவுகளின் பூர்வீகம் லண்டன்.

எட்மண்ட் கன்டர் என்று ஒருவர். பாதிரியார், கணக்கிலும் புலி. 1620-ம் வருடம் நிலம் அளக்க ஒரு சங்கிலியை அறிமுகப்படுத்தினார். நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். நம்ம ஊர் சர்வேயர்கள் அதை 'லிங்க்' என்றே சொல்வார்கள். அதென்ன கணக்கு 66? அங்கேதான் மனுஷனின் மூளை! பத்து சதுரச் சங்கிலி சேர்ந்தால் சரியாக ஓர் ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட், அதாவது ஆயிரம் சதுர லிங்க். பெருக்கல் வகுத்தல் எல்லாம் புள்ளியை நகர்த்துகிற வேலையாகிவிட்டது. ஒரு சென்டுக்கு 435.6 சதுர அடி என்று புரோக்கர் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாரே, அந்தப் புள்ளி ஆறு கன்டரின் சங்கிலியிலிருந்து தொங்குவதுதான்.

அதற்கு முன்னால் நம்மவர்கள் நிலமே அளக்கவில்லையா? பிரமாதமாக அளந்தார்கள். கி.பி. 1001 வாக்கில் ராஜராஜ சோழன் நாட்டையே கோல் வைத்து அளந்தான். ஒரு வேலி நிலத்தை 5,242 கோடியே 88 லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்குவரை கணக்கு எழுதியிருக்கிறார்கள். வேலி என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6.6 ஏக்கர். அப்படியானால் அந்த ஒரு பங்கில் கடுகு வைக்கக்கூட இடம் இருக்காது! தரையில் அளந்திருக்க முடியாது. ஓலையில் பின்னம் போட்டுப் பிரித்திருப்பார்கள். அப்புறம் 1086-ல் குலோத்துங்க சோழன் மறுபடி அளந்தான். அதே வருடம் இங்கிலாந்தில் வில்லியம் மன்னர் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். இவருக்கு அவரைத் தெரியாது. ஆனால், இருவருக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான்... வரி!

கும்பெனிக்காரர்களுக்கும் அதேதான். 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம்) கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அங்கே போய் இறங்கினார்கள். நடுவில் ஜமீன்தார் வேண்டாம், விவசாயியிடமே நேராகத் தீர்வை வாங்குவோம் என்பது திட்டம். அப்படியானால் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு நம்பர், ஓர் அளவு, கட்டுகிறவர் பெயர் வேண்டுமே? அளக்க ஆள் வேண்டுமே? 1794-ல் சென்னையில் ஒரு சர்வே பள்ளிக்கூடம் திறந்தார்கள். பிற்பாடு கிண்டி இன்ஜினீயரிங் காலேஜாக வளர்ந்தது அதுதான். 1858-லிருந்து மாகாணம் முழுக்க முறையான அளவை தொடங்கியது. தீர்வைக் கணக்குக்கு வெளியே நின்றுவிட்ட நிலத்துக்குப் 'புறம்போக்கு' என்று பெயர். பாவம், இப்போது அது மனிதர்களைத் திட்டுகிற வார்த்தையாகிவிட்டது.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்குப் பட்டா என்பது சர்க்காரின் வரிபாக்கி லெட்ஜராகத்தான் தெரிகிறது. இந்த நிலத்துக்கு யார் கட்டவேண்டும் என்பதற்கான பெயர் அது. பட்டா மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. உரிமை இருப்பது கிரயப் பத்திரத்திலும் அதற்கு முந்தைய மூலப்பத்திரங்களிலும். எல்லை இருப்பதோ புலப்படத்தில். 'எஃப்.எம்.பி.' என்பார்கள். வயலின் குறுக்கே ஒரு கோடு, அதிலிருந்து பக்கவாட்டில் ஒவ்வொரு மூலைக்கும் எவ்வளவு தூரம் என்ற குறிப்பு, மூலையில் கல். நூறு வருடம் கழித்து வருகிற சர்வேயரும் அதை வைத்து அதே மூலையைப் பிடித்துவிடலாம். ஆனால், அதில் உரிமையாளர் பெயர் இருக்காது. பெயர் சொல்லும் பத்திரமோ, எல்லையை 'கிழக்கே இன்னார் வீடு, மேற்கே வாய்க்கால்' என்று வாய்ப்பாட்டாகப் பாடும். இன்னார் விற்றுவிட்டுப் போயிருப்பார், வாய்க்காலில் இப்போது தார் ரோடு ஓடும்!

இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கும் வேலை, வாங்குகிறவர் தலையில். 'பத்திரத்தைப் பதிவு செய்தாச்சே' என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. பதிவு அலுவலகம் பதிவது இருவருக்குள் நடந்த கைமாற்றத்தை. அவர் போய் இடத்தை அளந்து பார்த்துப் பதிவதில்லை.

1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. பட்டாக்களைப் புதுசாக எழுதினார்கள். நல்ல காரியம்தான். ஆனால், அந்த வேகத்தில் பெயர் மாறியது உண்டு, அளவு குறைந்தது உண்டு, அண்ணன் நிலம் தம்பி பெயரில் ஏறியது உண்டு. அந்தப் பிழையைத் திருத்த மனுவோடு இன்றும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறுகிறார்கள். அதனால், அதற்கு முந்தைய பத்திரத்தையும் பிந்தைய பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'அ' பதிவேட்டில் அந்த நிலம் என்ன வகை என்பதையும் பார்த்துவிடுங்கள். அங்கே புறம்போக்கு என்றிருந்தால், மேலே எத்தனை மாடி நின்றாலும் தொடாதீர்கள்.

விற்கிறவருக்கும் வேலை உண்டு. முழு உட்பிரிவும் கைமாறினால் பட்டாவில் பெயரை மாற்றுவதோடு முடிந்தது. அதில் ஒரு துண்டை மட்டும் விற்றால், சர்வேயர் வந்து அளந்து புது உட்பிரிவு எண் கொடுக்கவேண்டும். விற்பதற்கு முன்பே இதை முடித்து வைத்தவர் சொல்கிற விலை நிற்கும்.

அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போகும். நம்மில் பலர் அதைச் சம்பிரதாயம் என்று நினைத்து ஊருக்குப் போய்விடுகிறோம். 1923-ம் வருட நில அளவை மற்றும் எல்லைச் சட்டம் கொஞ்சம் கறாரானது. அதன்படி சர்வே முடிந்து அறிவிப்பு வந்துவிட்டால், அதுதான் எல்லை. தப்பு என்று தோன்றினால் சிவில் கோர்ட்டுக்குப் போக மூன்று வருடம்தான் அவகாசம்.

இன்னொரு சின்னக் கணக்கு. ஒரு லிங்க் என்பது 7.92 அங்குலம். பழைய புலப்படங்களை எழுதியவர்கள் நெல் வயலுக்குத் தீர்வை போட அளந்தவர்கள். அவர்களுக்கு ஒரு லிங்க் கூடக் குறைய இருந்தால் பெரிய விஷயமில்லை. இன்று அதே வயல் நகராகி, பிளாட்டாகி, காம்பவுண்டுச் சுவரின் கனமே ஒன்பது அங்குலம். அந்தச் சுவர் யார் பக்கம் என்றுதான் வழக்கே நடக்கிறது.