வெள்ளை நிறத்தில் கொண்டைக்குருவி... அல்பினோவா? கண்ணைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்!

திருத்தணி மலையடிவாரப் புதர்கள் முதல் நம்ம வீட்டு முருங்கை மரம் வரை சர்வ சாதாரணமாகப் பார்க்கக்கூடிய பறவை கொண்டைக்குருவி. புல்புல், சின்னான் என்றும் சொல்வார்கள். கறுப்புத் தலை, பழுப்பு உடம்பு, வாலுக்கு அடியில் சிவப்பு... இதுதான் அதன் அடையாளம். ஆனால், இதே பறவை வெள்ளை வெளேரென்று இருப்பதும் இந்தியாவில் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. காகம், மைனாவிலும் இப்படி உண்டு.

நிறம் எங்கே போகிறது?

இறகின் கறுப்பு, பழுப்பு நிறத்துக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. அதை உருவாக்கும் செல்கள், மரபணு மாற்றத்தால் தோலுக்குப் போய்ச் சேராவிட்டால் இறகு வெள்ளையாக முளைக்கும். இதுதான் 'லூசிசம்'. கண்ணின் நிறம் மட்டும் மாறாது. உயிரியல் பூங்காக்களில் பார்க்கும் வெள்ளை மயிலும் இந்த ரகம்தான்.

அப்போ அல்பினோ?

அல்பினோவில் செல்கள் இருக்கும், மெலனின்தான் உருவாகாது. கண் சிவப்பாகத் தெரியும். பார்வையும் மங்கல் என்பதால் காட்டில் நீண்ட நாள் பிழைப்பது அபூர்வம். ஆக, நன்கு வளர்ந்த வெள்ளைக் குருவி கண்ணில் பட்டால், பெரும்பாலும் அது அல்பினோ அல்ல. இரண்டு வகையிலும் வாலடிச் சிவப்பு மறையாது. காரணம், அது மெலனின் தரும் நிறம் அல்ல.

வேறு காரணம் உண்டா?

உண்டு. சில பறவைகளுக்கு ஒவ்வொரு முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போதும் வெள்ளை இறகு கூடிக்கொண்டே போகும், நமக்கு நரைப்பது மாதிரி. சத்துக்குறைவான உணவாலும் அங்கங்கே வெளுக்கலாம். நல்ல தீனி கிடைத்தால் அடுத்த இறகுகள் பழைய நிறத்திலேயே வரும்.

எல்லா வெள்ளையும் குறையா?

இல்லை. கறுப்புத் தலை, வெள்ளை உடம்பு, ரிப்பன் போல நீண்ட வால் என்றால், அது அரசவால் ஈப்பிடிப்பான் ஆண் பறவை. அதற்கு அதுவே இயல்பான நிறம்.

பிடித்து வளர்க்கலாமா?

கூடவே கூடாது. வெள்ளைப் பறவை வல்லூறு கண்ணில் சீக்கிரம் படும். மெலனின் இல்லாத இறகும் சீக்கிரம் தேயும். அதற்காகக் கூண்டு தீர்வாகாது. கொண்டைக்குருவி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பறவை. அசாமில் புல்புல் சண்டைக்கு அனுமதி தந்த அரசு விதிமுறைகளை 2024 டிசம்பரில் குவாஹாட்டி உயர் நீதிமன்றமே ரத்து செய்தது.

வெள்ளைக் குருவியைப் பார்த்தால் தள்ளி நின்று ஒரு போட்டோ எடுங்கள். கண் தெளிவாகத் தெரியட்டும். கூடு இருக்கும் இடத்தை மட்டும் யாருக்கும் ஷேர் செய்யாதீர்கள்.