அமெரிக்க மருத்துவ மாணவர்களின் இடத்தேர்வு வரலாறு

ஒரு மாணவருக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளிலிருந்தோ இரண்டு மருத்துவமனைகளிலிருந்தோ 'வந்து சேருங்கள்' என்று கடிதம் வந்தால் அது மகிழ்ச்சியான சிக்கல்தான். ஆனால் விரும்பிய இடம் இன்னும் வாய் திறக்காத நிலையில், இரண்டாவதாக எண்ணியிருந்த இடம் கடிதம் அனுப்பி, 'இன்றே பதில் சொல்லுங்கள்' என்று கெடு வைத்தால் என்ன செய்வது? கையில் வந்ததைப் பிடித்துக்கொள்வதா? வருமோ வராதோ என்று தெரியாத ஒன்றுக்காக அதை விட்டுவிடுவதா? அமெரிக்காவில் 1940களில் ஆயிரக்கணக்கான மருத்துவ மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வியின் முன் நின்றார்கள். அதற்குக் காணப்பட்ட தீர்வின் வரலாற்றைப் பொருளியல் மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள்.

பயிற்சி மருத்துவருக்கான போட்டி

படிப்பை முடித்தவர் மருத்துவமனையில் தங்கிப் பயிற்சி பெறும் காலத்தை நம்மூரில் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி என்கிறோம். அமெரிக்காவில் அதை இன்டர்ன்ஷிப் என்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது அங்கு வழக்கத்துக்கு வந்துவிட்டது. மருத்துவமனைகளுக்குப் பயிற்சி மருத்துவர் என்பவர் குறைந்த செலவில் கிடைக்கும் உழைப்பாளி. இடங்களோ மாணவர்களைவிட அதிகம். 1952இல் சுமார் 6,000 மாணவர்களுக்குச் சுமார் 10,400 இடங்கள் இருந்தன என்றால் போட்டி எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். மாணவர்கள் மருத்துவமனைகளைத் தேடி ஓடவில்லை, மருத்துவமனைகளே மாணவர்களைத் தேடின.

பிறர் பிடிப்பதற்கு முன் நல்ல மாணவரைப் பிடிக்க எளிய வழி, முன்னதாகவே கேட்டுவிடுவது. ஒரு மருத்துவமனை ஒரு மாதம் முந்தினால் அடுத்தது இரண்டு மாதம் முந்தும். இப்படி முந்தி முந்தி, 1944ஆம் ஆண்டளவில் நான்காண்டுப் படிப்பின் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பயிற்சி இடத்தை முடிவு செய்யும் நிலை வந்துவிட்டது. அதாவது பட்டம் பெறுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே! அந்த மாணவர் அதுவரை நோயாளியின் படுக்கையருகே நின்றிருப்பதே அரிது. அறுவை மருத்துவம் தனக்குப் பிடிக்குமா, குழந்தை மருத்துவம் பிடிக்குமா என்பது அவருக்கே தெரியாது. அவர் எப்படிப்பட்ட மருத்துவராக வருவார் என்பது மருத்துவமனைக்கும் தெரியாது.

பத்து நாளிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு

இதை நிறுத்த 1945இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் ஒரு முடிவு எடுத்தது. குறிப்பிட்ட தேதிக்கு முன் எந்த மாணவரின் மதிப்பெண் விவரத்தையும் பரிந்துரைக் கடிதத்தையும் கல்லூரிகள் வெளியே தரக்கூடாது என்பதே அது. இந்த முடிவு பலித்தது. மதிப்பெண் தெரியாமல் ஆளெடுக்க மருத்துவமனைகள் துணியவில்லை, தேதி முந்துவதும் நின்றது.

ஆனால் சிக்கல் வேறு வடிவில் திரும்பி வந்தது. எல்லா மருத்துவமனைகளும் ஏறக்குறைய ஒரே நாளில் அழைப்பு அனுப்பத் தொடங்கின. முதல் விருப்பமான இடத்தின் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் மாணவர், இரண்டாம் விருப்பத்திலிருந்து வந்த அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கவே விரும்புவார். அவர் கடைசி நேரத்தில் 'வேண்டாம்' என்றால் அந்த மருத்துவமனை அடுத்தவரைத் தேடும்போது, அந்த அடுத்தவர் வேறிடம் போயிருப்பார். எனவே மருத்துவமனைகள் மாணவருக்குத் தரும் அவகாசத்தைச் சுருக்க முனைந்தன. 1945இல் பத்து நாள் அவகாசம் இருந்தது. 1949இல் வந்த திட்டமோ, நள்ளிரவு 12.01க்குத் தந்தி அனுப்பலாம், நண்பகல் 12 மணிவரை மாணவர் யோசிக்கலாம் என்றது. அந்தப் பன்னிரண்டு மணி நேரமே மிக நீளம் என்று அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் மறுத்துவிட்டது. கட்டாய அவகாசம் எதுவும் கிடையாது என்று முடிவாயிற்று. 12.01க்குச் சரியாகச் சேரும்படி தந்தியை முன்கூட்டியே பதிவு செய்து வைக்கலாம் என்றும் அந்தத் தீர்மானத்தில் எழுதினார்கள்.

அடுத்த ஆண்டு பன்னிரண்டு மணி அவகாசம் திரும்ப வந்தது. அதோடு, தந்தி அனுப்பிய பின் அந்த நேரம் முடியும்வரை தொலைபேசியில் அழைத்து நெருக்கக்கூடாது என்று ஒரு விதியும் சேர்ந்தது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்பதிலிருந்தே முந்தைய இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும். பயிற்சிக் கால வாழ்க்கையையும், பெரும்பாலும் வாழப்போகும் ஊரையும் முடிவு செய்யும் ஒரு தேர்வு, தந்திக்காரர் கதவைத் தட்டிய கணத்தில் நடந்துகொண்டிருந்தது.

மாணவர்கள் கண்ட பிழை

1950இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மல்லினும், மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தைச் சேர்ந்த ஜான் ஸ்டால்னேக்கரும் புதிய வழி ஒன்றை முன்வைத்தார்கள். தனித்தனி அழைப்புகளே வேண்டாம். மாணவர் தம் விருப்பப்படி மருத்துவமனைகளை வரிசைப்படுத்தி எழுதித் தரட்டும், மருத்துவமனைகளும் மாணவர்களை வரிசைப்படுத்தட்டும், ஒரு மைய அலுவலகம் இரண்டு பட்டியல்களையும் பொருத்தி ஒரே நாளில் முடிவை அறிவிக்கட்டும். 1950–51இல் இதை வெள்ளோட்டம் பார்த்தார்கள். எல்லாருக்கும் பிடித்துப்போகவே அடுத்த ஆண்டு உண்மையாகவே நடத்துவதென்று முடிவாயிற்று.

அப்போது மாணவர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். அவர்களுக்கு முன்னின்றவர் ஹார்வர்டு மருத்துவ மாணவர் ஹார்டி ஹென்ட்ரன். பின்னாளில் பாஸ்டனில் புகழ்பெற்ற குழந்தைகள் அறுவை மருத்துவரானவர் இவரே.

அவர்கள் காட்டிய பிழை இதுதான். வெள்ளோட்ட முறையில், ஒருவரையொருவர் முதலிடத்தில் எழுதியவர்கள் முதலில் இணைக்கப்பட்டார்கள். பிறகு ஒரு பக்கம் முதலிடம், மறுபக்கம் இரண்டாமிடம் என்று படிப்படியாகக் கீழிறங்கினார்கள். ஒவ்வொரு படியிலும் ஏற்பட்ட இணைப்பு முடிவானது. ஒரு மாணவர் எட்டாக்கனி போன்ற ஒரு மருத்துவமனையை முதலாவதாகவும், தமக்குக் கிடைக்கக்கூடிய ஒன்றை இரண்டாவதாகவும் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது கிடைக்கவில்லை. இரண்டாவது இடத்துக்கு அவர் முறை வருவதற்குள், அதை முதலாவதாக எழுதிய வேறொருவர், மருத்துவமனையின் பார்வையில் சற்றுக் கீழே இருந்தாலும், முந்திக்கொள்ள இடமிருந்தது. ஆக, மனத்திலிருந்ததை உள்ளபடி எழுதியவர் தண்டிக்கப்பட்டார். தம் ஆசையைக் குறைத்துக்கொண்டு, 'கிடைக்கக்கூடியது' எதுவென்று கணக்குப் போட்டு எழுதியவர் தப்பினார்.

மாணவர்களின் வாதம் ஏற்கப்பட்டது. பாஸ்டன் பகுதியிலிருந்து வந்த மாற்றுமுறை எடுத்துக்கொள்ளப்பட்டது. அதில் இணைப்புகள் உடனே முடிவாவதில்லை. தற்காலிகமாக வைக்கப்பட்டு, மேலான இணைப்பு கைகூடினால் மாற்றப்படும். பெரிய இடத்தை முதலாவதாக எழுதிப் பார்த்ததற்காக ஒருவர் இரண்டாவதை இழக்க வேண்டியதில்லை. 1952இல் அட்டைகளைப் பிரிக்கும் இயந்திரங்களின் உதவியோடு முதல் நாடளாவிய பொருத்தம் நடந்தது. சட்டக் கட்டாயம் எதுவும் இல்லாதபோதும் பெரும்பாலான மாணவர்களும் மருத்துவமனைகளும் அதில் சேர்ந்தார்கள்.

கணிதம் பிறகு வந்தது

1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி ஆகிய இரு கணித அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் எடுத்துக்காட்டாக வைத்து ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு கல்லூரிக்கு நூறு மாணவர் வேண்டுமென்றால் நூறு பேருக்கு மட்டும் கடிதம் அனுப்பினால் போதாது, ஏனெனில் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது என்ற நடைமுறைத் தொல்லையிலிருந்தே அவர்கள் தொடங்கினார்கள். இரு தரப்பும் இருப்பதை விட்டுவிட்டு ஒருவரோடொருவர் சேர விரும்பும் ஜோடி ஒன்றுகூட மிஞ்சாத பொருத்தத்தை 'நிலையானது' என்று வரையறுத்து, அதை அடையும் வழியையும் காட்டினார்கள். மருத்துவ உலகில் அதே வழி பத்தாண்டுகளாக நடைமுறையில் இருப்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டும் ஒன்றே என்பதை 1984இல் அல்வின் ராத் நிறுவினார். கூடவே, நிலையான பொருத்தங்கள் பல இருக்கும்போது அமெரிக்க முறை மருத்துவமனைகளுக்குச் சாதகமானதையே தேர்ந்தது என்பதும் வெளிப்பட்டது. மாணவர் அமைப்புகள் இதைக் கேள்வி கேட்டன. 1990களின் நடுவில் ராத்திடமே மறுவடிவமைப்பு ஒப்படைக்கப்பட்டது. அவரும் எலியட் பெரான்சனும் அமைத்த, மாணவர் பக்கமிருந்து தொடங்கும் முறை 1998 முதல் நடப்பில் உள்ளது. ஆராய்ந்து பார்த்தபோது, இந்த மாற்றத்தால் இடம் மாறுபவர்கள் ஆயிரத்தில் ஒருவர் அளவே என்று தெரிந்தது. அரை நூற்றாண்டுச் சந்தேகத்துக்கு அது சிறிய எண்தான். ஆனாலும் கேட்டது வீண் என்று சொல்ல முடியாது. 2012இல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கேல் 2008இலேயே காலமாகிவிட்டார்.

இந்த மறுவடிவமைப்புக்கு வேறொரு தேவையும் இருந்தது. மருத்துவக் கல்லூரிகளில் பெண்கள் பெருகியதும், வகுப்புத் தோழர்களே கணவன் மனைவியாகி ஒரே ஊரில் இடம் தேடினார்கள். பழைய முறையில் இருவரில் ஒருவரை 'முதன்மையானவர்' என்று அறிவிக்க வேண்டும். அவருக்கு முதலில் இடம் கிடைக்கும், மற்றவருக்கு அந்த ஊரில் எஞ்சியது கிடைக்கும். மனைவிக்கும் கணவனுக்கும் சேர்த்து இரண்டு நல்ல இடங்கள் வேறொரு ஊரில் இருந்தாலும் அதை எழுத வழியில்லை. பலர் இந்த முறையை விட்டு வெளியேறித் தாமே பேசி முடித்துக்கொண்டார்கள். 1980களில்தான் தம்பதியர் இடங்களை ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்த அனுமதி வந்தது.

கல்லூரிச் சேர்க்கையின் நிலை

இன்று இந்தப் பொருத்தத்தில் 40,000க்கும் மேற்பட்ட பயிற்சி இடங்கள் நிரப்பப்படுகின்றன. தமிழ்நாட்டில் படித்துவிட்டு அங்கே செல்லும் மருத்துவர்களும் இதன் வழியாகவே நுழைகிறார்கள். மார்ச் மாத மூன்றாம் வெள்ளிக்கிழமை முடிவு வெளியாகும். வந்த இடத்தை ஏற்றே ஆகவேண்டும். ஊதியம் பேசும் உரிமையை இது பறிக்கிறது என்று 2002இல் வழக்குத் தொடரப்பட்டது. 2004இல் நாடாளுமன்றம் இம்முறைக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. வழக்கும் தள்ளுபடியானது. ஆயினும் பேரம் பேச முடியாத தேர்வு முழுச் சுதந்திரம் ஆகுமா என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது என்றே தோன்றுகிறது.

வியப்பு என்னவென்றால், மருத்துவக் கல்லூரியில் சேரும்போது அந்நாட்டில் இத்தகைய நாடளாவிய பொருத்தம் இல்லை. நம்மூர்க் கலந்தாய்வைப் போல ஒரே தரவரிசையும் இல்லை. கல்லூரிகள் தனித்தனியே நேர்காணல் நடத்திக் கடிதம் அனுப்புகின்றன. மாணவர் பல கடிதங்களைக் கையில் வைத்திருக்கலாம், ஏப்ரல் 30 வாக்கில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். ஒரு கல்லூரி உதவித்தொகை தரும், மற்றொன்று வீட்டருகே இருக்கும், மூன்றாவதற்குப் பெயர் பெரிது. கடன் கணக்கு தெரியாமல் இவற்றை முன்கூட்டியே வரிசைப்படுத்த முடியாது என்பதால், கையில் கடிதங்களோடு யோசிக்கக் கிடைக்கும் இந்த மாதங்கள் மாணவருக்கு நன்மையே. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்குத்தான் அவை நீண்ட மாதங்கள்.

டெக்சாஸ் மாநிலம் மட்டும் இரண்டையும் கலந்து பார்த்திருக்கிறது. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரிகள் தம் மாநில மாணவர்களுக்கு முதலில் நேரடி அழைப்புகள் அனுப்புகின்றன. ஒருவர் பல அழைப்புகளை வைத்துக்கொள்ளலாம். பிறகு மாணவரும் கல்லூரியும் தத்தம் வரிசையைத் தர, எஞ்சிய இடங்கள் பொருத்தத்தால் நிரப்பப்படுகின்றன.