ஆம்ப்ளிஃபயர் பக்கத்து நாற்காலி

மேடைக்குக் கீழே, ஓரமாக, ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி கிடக்கும். மைக் செட்காரன் இடம் அது. பேசுகிறவர் முதுகையும் கேட்கிறவர்கள் முகத்தையும் ஒருசேரப் பார்க்கலாம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் கடையில் பதினைந்து வயதில் ஒயர் சுற்றப் பழகியவன் நான். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. எல்லாக் கட்சிக்கும் குழாய் கட்டியிருக்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்த வருஷம் 1971. ஜனவரியில் எங்கள் ஊரில் பெரியார் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தினார். ஊர்வலத்துக்கு எதிராக ஜனசங்கத்தார் கறுப்புக்கொடி பிடித்தார்கள், செருப்பு பறந்தது, ராமர் படம் செருப்படி பட்டது. யார் முதலில் வீசினார்கள், எது எப்படி நடந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 2020ல் துக்ளக் விழாவில் ரஜினிகாந்த் பேசப்போய் மறுபடியும் கிளம்பியது. 1971ல் ஆட்சியில் இருந்தது கலைஞர். மார்ச்சில் தேர்தல். ராஜாஜியின் சுதந்திராவும் காமராஜரின் பழைய காங்கிரசும் ஒரே மேடையில். அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ராமனைச் செருப்பால் அடித்தவர்களுக்கா ஓட்டு என்று சுவரெல்லாம் கேட்டது. அப்பா ஒரே ராத்திரியில் மூன்று இடத்தில் செட் போட்டார். எங்களுக்கு அது நல்ல சீசன்.

என் பாட்டி புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் விரதம் இருப்பவள். செருப்புச் சேதி கேட்டு, “கட்டையில போறவனுங்க” என்று மண்ணை வாரித் தூற்றினாள். ஓட்டு நாளில் உதயசூரியனில் குத்திவிட்டு வந்தாள். எம்.ஜி.ஆர். சொல்லிவிட்டாராம். “அதுக்கும் இதுக்கும் என்ன கண்ணு?” என்றாள்.

1967ல் 137 இடம் வாங்கிய தி.மு.க. அந்த முறை 184 வாங்கியது. பழைய காங்கிரசுக்கு 15, சுதந்திராவுக்கு 6. அடித்ததால் ஜெயித்தார்கள் என்று சிலர் மார்தட்டினார்கள். அதுவும் சரிக் கணக்கில்லை. இந்திரா காந்தியோடு கூட்டு, வங்கிகளை நாட்டுடைமையாக்கிய பெயர், எம்.ஜி.ஆர். முகம் என்று எத்தனையோ சேர்ந்திருந்தது. பழைய காங்கிரசும் நூற்றுக்கு 35 ஓட்டு வாங்கியிருந்தது, சும்மா போய்விடவில்லை. 67லும் இப்படித்தான். மேடையில் காங்கிரஸ் மந்திரிகளைத் திட்டாத திட்டில்லை. ஆனால் வீட்டில் பேசியது ரூபாய்க்கு மூன்று படி அரிசியைப் பற்றி.

திட்டுவதற்கென்றே பேச்சாளர்கள் உண்டு. அவர்கள் வேலை ஓட்டு சேர்ப்பதென்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். உண்மையில், அந்த நாளில் தலைவர் ஒன்பது மணிக்கு வருவதாக நோட்டீசில் போட்டிருக்கும், பன்னிரண்டுக்கு வருவார். அதுவரை கூட்டம் கலையாமல் பிடித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். பேச்சாளர் முதலில் விலைவாசி பேசுவார். பின்வரிசையில் வேட்டியைத் தட்டி இரண்டு பேர் எழுந்தால் உடனே எதிர்க்கட்சித் தலைவர் வீட்டுப் படுக்கையறைக்குள் போய்விடுவார். ஆண்கள் பக்கம் விசில். பெண்கள் பக்கம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். மேடை மேல் விளக்கு வெளிச்சத்தில் நிற்பவருக்கு விசில் கேட்கும். இருட்டில் நடந்து போகிறவர்கள் தெரியமாட்டார்கள். எனக்குத் தெரியும். ஒருமுறை ஒரு வேட்பாளரிடம் சொன்னேன். “ஏம்ப்பா, நீ ஒயரைப் பாரு” என்றார். அவர் தோற்றார். வாடகை பாக்கியும் வரவில்லை. (தோற்றவர்களிடம் வசூலிப்பது தனிக்கலை.)

2011ல் தி.மு.க. மேடைகளில் வடிவேலு விஜயகாந்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். போன இடமெல்லாம் ஜனக்கடல், வயிறு குலுங்கச் சிரிப்பு. தி.மு.க.வுக்கு 23 இடம். விஜயகாந்த் 29 வாங்கி எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். மின்வெட்டில் புழுங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் விசிறியை எடுத்திருப்பார்கள்.

தாயைத் தொட்டால் மட்டும் கணக்கு மாறுமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. 2021ல் தி.மு.க.வின் ஆ. ராசா, எங்கள் மாவட்டத்துக்காரரும் அன்றைய முதலமைச்சருமான எடப்பாடி பழனிசாமியின் பிறப்பைப் பற்றி ஒரு பேச்சு பேசினார். திருவொற்றியூர் பிரசாரத்தில் எடப்பாடியார் கண் கலங்கினார். ராசா மன்னிப்புக் கேட்டார்; தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் அவரைப் பேசவிடாமல் நிறுத்தியது. எங்கள் தெருவில் தி.மு.க. வீட்டுப் பெண்களே முகம் சுளித்தார்கள். முடிவு வந்தது. ஆட்சி தி.மு.க.வுக்கு. எடப்பாடி தொகுதியில் பழனிசாமியின் வெற்றி வித்தியாசம் 2016ன் 42,022லிருந்து 93,802 ஆனது. முதலமைச்சர் என்பதற்கு எவ்வளவு, கண்ணீருக்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? சேலம் மாவட்டத்தின் 11 தொகுதியில் 2016ல் தி.மு.க.வுக்குக் கிடைத்தது ஒன்று. 2021லும் அதே ஒன்று, அதே சேலம் வடக்கு.